பத்து நிமிஷத்தில் திரும்பி வருவேன்

அட்டையைப் படித்துக்கொள்ள மூன்று நிமிஷம், பேச ஐந்து நிமிஷம். ஆக இன்னும் எட்டே நிமிஷத்தில், ஜெபக்கனி இங்கிலாந்துக்கு விமானம் ஏறுவாளா, பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி மறுபடி அதே வார்டில் போய் நிற்பாளா என்பது முடிவாகிவிடும். எட்டு நிமிஷத்தில் உலையில் போட்ட அரிசிகூட வேகாது. பதினாறு வருஷம் ஊசி போட்ட கைக்கு மட்டும் அதற்குள் தீர்ப்பு. வெளிநாடு போகிற நர்சுகளுக்கான இங்கிலீஷ் பரீட்சை இது. வாசிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றையும் எப்போதோ தாண்டிவிட்டாள். பேச்சில்தான் இரண்டு தடவை சறுக்கல். அங்கே ஒரு ஆஸ்பத்திரி அவளுக்காக ஒரு இடத்தை மாதக் கடைசி வரை பிடித்து வைத்திருக்கிறது; அதற்கு மேல் வைக்காது என்று பணிவாக எழுதியும்விட்டது. இன்று தேதி பதினேழு. இது மூன்றாவது தடவை. கீழே, வாசலில், அவளுடைய செல்போனையும் கைப்பையையும் கட்டிக்கொண்டு நிற்கிற புருஷன் அருள்ராஜ், “இந்த வாட்ச்மேனுக்கே ஒன்னைய அடையாளம் தெரிஞ்சு போச்சு கனி, இன்னொரு தடவை வந்தா டீ வாங்கிக் குடுப்பாரு போல” என்று காலையில் சொன்னான். சிரிக்கத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். மூன்றாவது மாடி, ஜன்னலே இல்லாத சின்ன அறை, ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, நடுவில் சிவப்பு விளக்கு எரிகிற ரிக்கார்டர். ஜன்னல் இல்லை என்பதை உள்ளே நுழைந்ததுமே பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

எதிரே இருக்கிற அம்மாளுக்கு நோயாளியாக நடிப்பதுதான் வேலை. முதல் சுற்றில் சர்க்கரை வியாதிக்கார லாரி டிரைவராக இருந்தாள். காலில் புண், செருப்புப் போட மறுக்கிறான், அவனுக்கு ஜெபக்கனி புத்தி சொல்லி முடித்தாயிற்று. சரியாகத்தான் சொன்னாள் என்று அவளுக்கே தெரியும். இப்போது அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு வேறு யாரோ ஆகத் தயாராகிறாள். ரிக்கார்டரைப் போடுவதற்கு முன்னால் “வாங்கம்மா, உக்காருங்க” என்று நல்ல தமிழில்தான் கூப்பிட்டாள். அப்புறம் ஒரு வார்த்தை தமிழ் இல்லை, சட்டம் அப்படி. இரண்டாவது சுற்றுக்கான அட்டையைத் தள்ளிவிட்டு ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த அறுபது வயதுப் பெண்மணி, மூன்றாம் நாள், பயத்தில் இருக்கிறார். நீங்கள் வார்டு நர்ஸ். என்ன பயம் என்று விசாரிக்கவும். ஏன் படுத்தே இருக்க வேண்டும் என்று விளக்கவும். மூச்சு வாங்கினால் உடனே சொல்லச் சொல்லவும். கடைசியில், டாக்டரிடம் தெரிவிக்கப் போவதாகவும் திரும்பி வருவதாகவும் நோயாளியிடம் சொல்லவும். இவ்வளவுதான் அட்டை. முதல் மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கண் கடைசி வரியில் போய் நின்றது, அங்கிருந்து நகர மாட்டேன் என்றது. அறுபது வயது. மூன்றாம் நாள். இந்த உலகத்தில் எத்தனையோ வியாதி இருக்கிறது, பரீட்சைக்காரர்களுக்கு இதுதான் கிடைத்ததா என்று அழுகையும் கோபமும் சேர்ந்தாற்போல வந்தது.

ஐ வில் கம் பேக். மூன்றாவது வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஷைனி அப்படித்தான் சொன்னாள், ஆன்லைனில் இந்தப் பரீட்சைக்குப் பாடம் எடுக்கிற நாகர்கோவில் பெண், ஜெபக்கனியைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், வாய் மட்டும் பெரியது. இரண்டாவது தடவை தோற்றபின் பழைய பயிற்சிப் பதிவுகளை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டுவிட்டு அவளே கூப்பிட்டாள். “கனிக்கா, ஒங்க இங்கிலீஷுக்கு ஒரு கொறையும் இல்ல. பேஷண்டப் பாத்துப் பேசுதிய, பொறுமையாப் பேசுதிய, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க அந்த ரூமை விட்டு வெளிய வரவே மாட்டேங்கிய. பெல் அடிக்கிற வரைக்கும் வேற எங்கயாவது வலிக்கா, வேற எங்கயாவது வலிக்கான்னு கேட்டுக்கிட்டே இருக்கிய. பதினொரு ரிக்கார்டிங். பதினொண்ணுலயும் கடைசி வரியச் சொல்லல. ஏன்க்கா?” மறந்துபோச்சு என்றாள் ஜெபக்கனி. பதினொரு தடவையுமா என்று ஷைனி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அதற்குப் பதில் அந்தப் பெண் ஒரு மணி நேரம் இந்த ஒன்றையே போட்டுக் கடைந்தாள். கோ பேக் வேற, கம் பேக் வேற அக்கா. டூட்டி ரூமுக்குப் போறது கோ பேக். பேஷண்ட் கிட்ட வாரதுதான் கம் பேக். பேச்சு எங்க நடக்கோ அந்த எடம்தான் ஒங்களுக்கு வீடு, அங்கேருந்து எந்திரிச்சுப் போனா அங்கேயே வந்து சேரணும். அப்புறம், நேரம் சொல்லணும். நேரம் சொல்லாத கம் பேக்கை அங்க யாரும் மதிக்க மாட்டாங்க. பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம், அவங்க கடியாரத்தப் பாத்துக்கிட்டே படுத்திருப்பாங்க. எங்கே சொல்லுங்க, ஐ வில் கம் பேக் இன் டென் மினிட்ஸ். ஜெபக்கனி சொன்னாள். வெறும் பாடமாகச் சொல்லும்போது சுலபமாகத்தான் வந்தது. நோயாளி என்று ஒருத்தரைப் பார்த்துச் சொல்கிற நேரத்தில்தான், கதவில் யாரோ உள்தாழ்ப்பாள் போட்ட மாதிரி, வார்த்தை உள்ளேயே நின்றுவிடுகிறது.

அதற்குத் தமிழில் அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது, பதினாறு வருஷமும் அதை வைத்துத்தான் காலத்தை ஓட்டினாள். இந்தா வந்துட்டேன். வார்டில் முப்பத்திரண்டு படுக்கை, இரண்டு நர்ஸ். எட்டாம் நம்பருக்குக் குளுக்கோஸ் முடியப்போகிறது, இருபதாம் நம்பருக்கு ஒன்றுக்குப் போக வேண்டும், ஆறாம் நம்பர்க்காரரின் மருமகன் டாக்டர் எப்போ வருவார் என்று பன்னிரண்டாவது தடவையாகக் கேட்கிறான். எல்லோருக்கும் ஒரே பதில்தான். இந்தா வந்துட்டேன்க்கா, இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி. போகிறபோதே வந்துவிட்டேன் என்று சொல்கிற சாமர்த்தியம் வேறு எந்த ஊரில் உண்டு? கேட்டவர்களும் அதை நம்பினார்களா என்றால் அது வேறு விஷயம். கேட்க அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது, சொல்ல இவளுக்கு லேசாக இருந்தது, பாதிக்கு மேல் வரவும் செய்தாள். ஆனால் ஒன்று, அவளிடம் மட்டும் யாரும் திரும்பி வருகிறேன் என்று சொல்வதில்லை. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் பை, பிளாஸ்க், தலையணையெல்லாம் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக வந்து நிற்பார்கள், “அப்ப, போயிட்டு வா...” என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது, சாவு வீட்டில் சொல்லக்கூடாத மாதிரி. “போறோம் சிஸ்டர்” என்று வெடுக்கென்று முடித்துக்கொண்டு போவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு அது சங்கடமாக இருந்தது. பிறகு, போங்க போங்க, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதிய என்று அவளே விரட்டப் பழகிக்கொண்டாள். நல்ல வேலைதான், வந்தவர்கள் திரும்பி வராமல் இருந்தால் அதுதான் வெற்றி. இந்தக் கட்டடத்து வாட்ச்மேனும் காலையில் அப்படித்தான் நினைத்திருப்பார். நோட்டில் அவள் பேரை எழுதும்போது தலையை நிமிர்த்தவேயில்லை.

மேஜைமேல் ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது. ஒரு நிமிஷம் போய்விட்டது, அட்டையில் பென்சிலால் ஒரு குறிப்பும் எழுதவில்லை. எழுதுவோம். பயம் என்ன. ஏன் படுக்கை. மூச்சு. மூச்சு என்று எழுதும்போதே ஆவுடையம்மா வந்துவிட்டாள். வராமல் எங்கே போவாள். பதினாலாம் படுக்கை, மேற்கு ஜன்னலோரம். முழங்கால் ஆபரேஷன், மூன்றாம் நாள், அறுபது வயது, கயத்தாறு பக்கத்துக்காரி. அன்று மத்தியானம் மகள் செண்பகம் குளித்து உடை மாற்றிவர வீட்டுக்குப் போயிருந்தாள்; ராத்திரிக்குள் வந்துவிடுவேன், அம்மையப் பாத்துக்கிடுங்க சிஸ்டர் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மணி நான்கு ஆகப் பத்து நிமிஷம். ஜெபக்கனி பதின்மூன்றாம் படுக்கைக்கு ஊசி போட்டு முடித்துத் தட்டைக் கையில் எடுத்தாள். அப்போது ஆவுடையம்மா கூப்பிட்டாள். “ஏட்டி, நல்லாருப்ப, வெயிலு கண்ணுல குத்துது. அந்த ஸ்கிரீன இழுத்து விட்டுட்டுப் போயேன்.” ஸ்கிரீன் என்றால் ஆஸ்பத்திரிப் பச்சைத் திரை, இரண்டு வளையம் கழன்று தொங்குகிற அழுக்குத் திரை. நின்ற இடத்திலிருந்து ஜன்னல் நாலு எட்டு. நாலே எட்டு. அந்த நாலு எட்டை அவள் அதற்கப்புறம் எத்தனையோ தடவை அளந்து பார்த்திருக்கிறாள், கால் அளவுகூடத் தெரியும். தட்டைப் பதின்மூன்றாம் படுக்கைக் கால்மாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். தட்டோடேகூடப் போயிருக்கலாம், முழங்கையால் தள்ளினாலும் அந்தத் திரை நகரும். அந்தப் பக்கம் மூன்றாம் படுக்கைக்காரர் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. “இந்தா வந்துட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வரவில்லை. மூன்றாம் படுக்கைக்காரரைச் சுத்தம் பண்ணி முடிக்கிறபோது புது அட்மிஷன் ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது. அதற்கு ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. அதற்குள் மருந்துக்கடையிலிருந்து போன். நாலரை மணிக்கு வார்டின் இந்தக் கோடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடையம்மா வலது கையை மடக்கிக் கண்ணுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வெயிலுக்கு மறைவாகக் கையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள் என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டாளா? அப்பாடா, ஒரு வேலை குறைந்தது என்று ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை, மற்றதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். பேப்பரில் எழுதினாள், நாலு முப்பது, நோயாளி உறங்குகிறார். அவளுடைய கையெழுத்துதான், அழகான கையெழுத்து. ஐந்து பத்துக்குச் சூடு பார்க்கப் போன இன்னொரு நர்ஸ் அந்தக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையில் உயிர் இல்லை. வெயில் அப்போது அந்தப் படுக்கையை விட்டுப் போய்ச் சுவரில் ஏறி நின்றது, மறைக்க வேண்டிய வெளிச்சம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது, கை மட்டும் மறைத்துக்கொண்டே இருந்தது. காலில் கட்டிய ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது, பக்கத்திலேயே நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் பெரிய டாக்டர். நல்ல மனுஷர், யார்மேலும் பழி வராமல் பார்த்துப் பேசுகிறவர். அவர் சொன்னது சத்தியமாகவும் இருக்கலாம். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருக்கும் ஸ்கிரீன் விஷயம் தெரியாது. திட்டியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பாள். அந்தக் கை முகத்தை மறைத்துக்கொண்டிருந்ததால்தானே யாரும் பார்க்கவில்லை, வெயில் குத்தியதால்தானே அந்தக் கை அங்கே போனது, திரையை இழுத்துவிட்டிருந்தால் முகம் தெரிந்திருக்குமே, வாய் கோணியதோ, உதடு கறுத்ததோ, கண் தேடியதோ, வார்டில் போகிற வருகிற ஒருத்தராவது பார்த்திருப்பார்களே. இப்படியே போய்க்கொண்டிருக்கும். எட்டு மாதமாக இந்த ஒரு பாதையில்தான் செக்குமாடாகச் சுற்றுகிறாள்.

செண்பகம் ஏழு மணிக்கு வந்தாள், தலை இன்னும் ஈரம். “அம்மை கடைசியா ஏதாச்சும் சொன்னாளா சிஸ்டர்? என்னையக் கேட்டாளா?” என்றாள். சொல்லியிருக்கலாம். ஜெபக்கனி அந்த ஈரத்தலையைப் பார்த்துக்கொண்டே, “ஒண்ணும் சொல்லலம்மா, நல்லா ஒறங்கிக்கிட்டு இருந்தாவ” என்றாள். பேப்பரிலும் அப்படித்தானே இருக்கிறது. செண்பகத்துக்கு அது பெரிய ஆறுதலாகிவிட்டது. ஆம்புலன்சுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம், போனில் கூப்பிடுகிறவர்களிடமெல்லாம், உறக்கத்துலயே போயிட்டா, புண்ணியவதி, சிஸ்டர் பக்கத்துலதான் இருந்தாவளாம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்தில் இருந்ததாக ஜெபக்கனி சொல்லவேயில்லை. அதை அந்தப் பெண்ணாகச் சேர்த்துக்கொண்டது. இனிமேல் அதை எடுத்துவிட்டு என்ன கொடுப்பது? வெயிலையா? போகும்போது செண்பகம் வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல்தான் போனாள். வண்டியில் ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு வாயை மூடியவள்தான் ஜெபக்கனி. அதற்கப்புறம் வார்டில் இந்தா வந்துட்டேன் என்ற பேச்சே கிடையாது. யாராவது கூப்பிட்டால் அந்த நிமிஷமே செய்வாள், முடியாவிட்டால் “இப்ப ஏலாது, வேற ஆளக் கூப்பிடுங்க” என்பாள். கனி சிஸ்டருக்கு இப்பல்லாம் ரொம்பத் திமிரு என்று வார்டு முழுக்கப் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும். திமிர்க்காரி என்றால் தாங்கிக்கொள்ளலாம். வருவாள் என்று ஒருத்தி படுத்திருப்பதைத்தான் தாங்க முடியாது.

ஸ்டாப்வாட்ச் சின்னதாகக் கூவியது. மூன்று நிமிஷம் முடிந்தது. எதிரே இருந்த அம்மாள் நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்துகொண்டாள், முகத்தில் ஒரு வலியைக் கொண்டுவந்தாள், இடுப்பு ஆபரேஷன் ஆகிவிட்டாள். நல்லவேளை, கையைத் தூக்கிக் கண்ணில் வைக்கவில்லை. ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தாள். பேச்செல்லாம் இங்கிலீஷில். என் பெயர் ஜெபக்கனி, இன்றைக்கு உங்களைக் கவனித்துக்கொள்கிற நர்ஸ், உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டாள். குரல் நடுங்கவில்லை. என்ன பயம் என்று விசாரித்தாள். நான் மறுபடி நடக்கமாட்டேனோ என்று பயமாக இருக்கிறது என்றாள் அந்த அம்மாள், மெய்யாகவே பயந்தவள் மாதிரி. ஜெபக்கனி அவசரப்படாமல் கேட்டுக்கொண்டாள், குறுக்கே பேசவில்லை, பயப்படுவது இயல்புதான் என்றாள். எலும்பு எப்படிச் சேரும், ஏன் இன்னும் இரண்டு நாள் எழுந்திருக்கக் கூடாது என்று கையால் காட்டிச் சொன்னாள். மூச்சு வாங்கினால், நெஞ்சு பிடித்தால், கால் ஆடுசதை வலித்தால் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்காமல் சொல்லுங்கள் என்றாள். இதைச் சொல்லும்போது அட்டையைப் பார்க்கவில்லை, மேஜையில் முன்னால் சாய்ந்துவிட்டாள். அந்த அம்மாள் ஒரு கணம் நடிப்பை மறந்து அவளை உற்றுப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது, அந்தக் கடைசி வரி ஒன்றுதான் பாக்கி. கடிகாரத்தில் ஒன்றேமுக்கால் நிமிஷம் மிச்சம் இருந்தது. வேறு எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை நர்ஸ். ராத்திரி தூக்கம் வந்ததா? வந்தது. சாப்பிட்டீர்களா? சாப்பிட்டேன். பன்னிரண்டாவது ரிக்கார்டிங், ஷைனி தலையில் அடித்துக்கொள்வாள். வேறு எங்கேயாவது என்று மறுபடி ஆரம்பித்தாள். எதிரே இருந்த அம்மாளின் கண்ணில், கருணை என்றே சொல்லலாம், அப்படி ஒன்று வந்தது. அவளுடைய அட்டையில் எழுதியிருந்ததோ, தானாகச் சொன்னாளோ தெரியாது, நர்ஸ், நீங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டாமா என்றாள்.

போக வேண்டும். போகாமல் எப்படி? இங்கேயே உட்கார்ந்திருந்தால் டாக்டரிடம் யார் சொல்வது, மூன்றாம் படுக்கைக்காரர் வாந்தியில் மூச்சு முட்டிக் கிடக்கிறாரே அவரை யார் பார்ப்பது. அன்றைக்கும் போயிருக்கத்தான் வேண்டும், அது அவளுக்குத் தெரியும், போனதில் பிசகே இல்லை. எட்டு மாதமாகப் போனதைப் பிடித்துக்கொண்டல்லவா அழுதிருக்கிறாள். போகாமல் இருந்துவிட்டால் வராமல் இருக்க முடியாது என்று இப்படிப் பரீட்சை அறையில் பசை போட்டமாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இது யாருக்குப் பிரயோசனம்? ஆவுடையம்மா கேட்டது அவளை உட்காரச் சொல்லியா? இழுத்து விட்டுட்டுப் போயேன் என்றுதானே சொன்னாள். போ என்றுதான் சொன்னாள். இதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் ஜெபக்கனி, அந்தக் குரலை அப்படியே வைத்திருக்கிறாள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்காமலே இருந்திருக்கிறாள். கடிகாரத்தில் ஐம்பது விநாடி. நான் போவதற்கு முன்னால், இப்போதே, இந்த நிமிஷமே உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டாள். இந்தக் கேள்வி அட்டையில் இல்லை. அந்த அம்மாள் தன் அட்டையை ஒரு பார்வை பார்த்தாள், அங்கேயும் இல்லை. வேண்டாம் நர்ஸ், ஒன்றும் வேண்டாம், சீக்கிரம் வந்தால் போதும் என்றாள்.

“ஐ வில் கம் பேக் இன் டென் மினிட்ஸ்” என்றாள் ஜெபக்கனி.

சொல்லியாயிற்று. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ரிக்கார்டர் அதை வாங்கி வைத்துக்கொண்டது. நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் பதிவாகிவிடுமோ என்றுகூடப் பயமாக இருந்தது. முப்பத்தைந்து விநாடி மிச்சம். இனிமேல் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தாள், மணி அடித்தால் முடிந்தது. பாஸோ பெயிலோ, அருள்ராஜிடம் போய்ச் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. சொல்வதில் என்ன இருக்கிறது, அன்றைக்கும் சொல்லத்தானே சொன்னாள், சொல்லிவிட்டு எங்கே போனாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள், அது தரையில் கிறீச்சென்று இழுத்தது, அதுவும் பதிவாகியிருக்கும். எழுந்து கதவுப் பக்கம் நடந்தாள். நாலு எட்டு. ஷைனி இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, பரீட்சை விதியில் இது உண்டா இல்லையா என்றும் தெரியாது, இருபது விநாடியில் இங்கிலாந்து இடத்தைத் தானே உதைத்துத் தள்ளுகிறாளோ என்னவோ. கதவின் கைப்பிடியைத் தொட்டாள், குளிர்ந்திருந்தது. திரும்பினாள். நாலு எட்டு நடந்து மேஜைக்கு வந்தாள். உட்காராமல் நின்றபடியே, “ஐ கேம் பேக்” என்றாள்.

அந்த அம்மாள் திகைத்துப்போனாள். எத்தனை நர்சுகள் இந்த அறையில் அவளிடம் திரும்பி வருவதாகச் சொல்லியிருப்பார்கள், ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அட்டையில் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், அதற்குப் பதில் எதுவும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மணி அடித்தது. கையை நீட்டி ரிக்கார்டரை அணைத்தாள். சிவப்பு விளக்கு போனதும் அறை சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. ஜெபக்கனி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள், கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

“வந்துட்டேன்க்கா” என்றாள்.

யாரிடம் சொல்கிறாள் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “பாத்தேன்மா” என்றாள்.